திருஷ்டி பொம்மையின் சக்தி

பெறுநர்: மாநகராட்சி நகரமைப்புப் பிரிவு அதிகாரி அவர்கள்
பொருள்: பக்கத்து வீட்டு மாடியில் முளைத்த அறை – நன்றி தெரிவித்தல் தொடர்பாக

பெருமதிப்புக்குரிய ஐயா,

எங்கள் மாடிச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் முன்பு வேப்பமரம் தெரியும். இப்போது பக்கத்து வீட்டார் புதிதாக எடுத்த அறையின் பூசாத சுவர் தெரிகிறது. தோசைத்திருப்பியை நீட்டினால் செங்கல் இடுக்கில் பிதுங்கிய சிமென்டைச் சுரண்டலாம். பக்கவாட்டில் ஒரு மீட்டர் விட வேண்டும் என்பது விதி. நான் விட்ட மீட்டரையே அவரும் தன் கணக்கில் எழுதிக்கொண்டார் போலும்.

அந்த அறைக்கு அனுமதி இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பியைக் கேட்டேன். “எல்லாம் பேசியாச்சுண்ணே” என்றார். யாரிடம் என்று கேட்பது நாகரிகமில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் உங்களைக் கேட்டேன். மூன்றாம் நபர் பற்றிய தகவல், தர இயலாது என்று பதில் வந்தது. அறை தெருவுக்கே தெரிகிறது. அனுமதி மட்டும் அந்தரங்கம்.

வேலை நடக்கும் இடத்தில் அனுமதி விவரம் எழுதிய பலகை இருக்க வேண்டுமாம். அங்கே இருந்தது நாக்கைத் தொங்கவிட்ட திருஷ்டி பொம்மை. அதன் சக்தியைச் சும்மா சொல்லக் கூடாது. வேலை முடியும்வரை உங்கள் கண் அந்தப் பக்கம் படவேயில்லை.

தளம் போட்டதுதான் அழகு. வெள்ளிக்கிழமை நீங்கள் அலுவலகத்தைப் பூட்டும் நேரத்தில் கம்பி கட்டி முடித்தார்கள். சனிக்கிழமை விடிகாலையில் கலவை மிஷின் வந்தது. திங்களன்று நீங்கள் நாற்காலியில் உட்காரும்போது தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியாயிற்று. வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாமா என்று உங்கள் ஊழியர் அப்போது யோசித்தார். பாவம், நிறுத்துவதற்கு அங்கே வேலை மிச்சமில்லை.

1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தையும் வாங்கிப் படித்தேன். 56, 57 பிரிவுகளில் எனக்குப் புல்லரித்தது. நிறுத்தலாம், சீல் வைக்கலாம், இடிக்கலாம்! அதோடு புத்தகத்தை மூடி வைத்திருக்க வேண்டும். 80-ஏ பிரிவில் அரசிடம் மேல்முறையீடு இருக்கிறது. 113-ஏ பிரிவில், 1999 பிப்ரவரி 28-க்கு முன் கட்டியிருந்தால் பணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம் என்றார்கள். அந்தக் கெடுவைத் தள்ளிக்கொண்டே போனதில் உயர் நீதிமன்றம் குறுக்கிட வேண்டியதாயிற்று. பிறகு வந்த 113-சி பிரிவில் தேதி 2007 ஜூலை 1. அடுத்த தேதி எப்போது என்று என் மைத்துனர் கேட்கிறார். மொட்டைமாடியில் ஓர் அறை போட அவருக்கும் ஆசை.

2024 முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று கொடுத்து இணையத்திலேயே அனுமதி வாங்கலாம். அதையும் வாங்காமல் ஒருவர் கட்டுகிறார் என்றால், உங்கள் மீது அவருக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்க வேண்டும்!

நீங்கள் எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் பாவம் சேரும். செயலியில் புகார் கொடுத்ததும் ஒருவர் வந்தார். பக்கத்து வீடு பூட்டியிருந்ததால் எங்கள் மாடியில் நின்று பார்த்தார். வந்ததற்கு என் சன்ஷேடை டேப் பிடித்து அளந்தார். நாலு அங்குலம் அதிகமாம். அன்று சாயங்காலமே ‘கள ஆய்வு முடிந்தது, புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. சன்ஷேடுக்கான நோட்டீஸ் பதிவுத் தபாலில் வந்து சேர்ந்தது; என் விளக்கத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்துக்குத் தயவுசெய்து புகார் எண் போட்டுவிடாதீர்கள். சாயங்காலத்துக்குள் தீர்த்துவிடுவீர்கள்.

இப்படிக்கு,
அனுமதி வாங்கிக் கட்டியவன்