கூடாரமும் குடையும்

சென்னையில் கணிப்பொறி உத்தியோகம் பார்க்கும் என் தங்கை மகன், சென்ற மாசி மாதத்தில் ஒருநாள் பாளையங்கோட்டையில் என் வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது, அவன் முதுகில் இருந்த மூட்டையைக் கண்டு, பையன் வேலையை விட்டுவிட்டு ஜவுளி வியாபாரத்தில் இறங்கிவிட்டானோ என்று நான் ஒரு க்ஷணம் கலங்கிப்போனேன். மூட்டைக்குள் இருந்தது ஜவுளியன்று, கூடாரம். காட்டு ஜீவராசிகளின் கண்ணில் படாமல் நாம் அவற்றைக் கண்ணாரக் காண்பதற்கென்றே பச்சை நிறத்தில் நெய்யப்பட்ட அந்தக் கூடாரத்தை, இரண்டு பேர் சேர்ந்தால் ஐந்து நிமிஷத்தில் நிறுத்திவிடலாம் என்று உறையின்மேல் அச்சிட்டிருந்தது. அந்த இரண்டு பேர் யார் என்பது மட்டும் அச்சிடப்படவில்லை.

“தாமிரபரணித் தண்ணியைக் குடிச்சே வளர்ந்திருக்கீங்க மாமா, ஒரு நாளாவது ஏரிக்கரையில கூடாரம் போட்டுத் தங்கியிருக்கீங்களா?” என்று அவன் கேட்ட கேள்வி என் சுயமரியாதையைச் சற்றே சுட்டுவிட்டது. கூடாரவாசம் எனக்குப் புதிதா? ஆடி அமாவாசைக்குக் காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு, எங்கள் ஐயா, ஆச்சி, சித்தப்பா, பெரியம்மை, அவரவர் சம்பந்திகள், இரண்டு மூட்டை அரிசி, வழியெல்லாம் ஆட்சேபித்துக்கொண்டே வந்த ஓர் ஆட்டுக்கிடா ஆகிய சகல பரிவாரங்களோடும் சென்று, ஆற்றங்கரையில் ஓலைக்குடில் கட்டி நாட்கணக்கில் தங்கியவர்கள் நாங்கள். அக்காலத்தில் வன ஜீவராசிகளைத் தேடிக்கொண்டு நாம் போக வேண்டியதில்லை, அவையே வந்தன. அப்படி வந்த குரங்கு ஒன்று என் சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறி, அதை முகர்ந்தும் நக்கியும் தலைகீழாகப் பிடித்தும் பரிசோதித்துவிட்டு, பிரயோஜனமில்லாத வஸ்து என்ற முடிவுக்கு வந்து ஆற்றில் எறிந்துவிட்டது. அக்கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறவர்கள் அநேகர் உண்டு. மூக்குக்கண்ணாடியைக் காணிக்கை செலுத்தியவர் எனக்குத் தெரிந்து என் சித்தப்பா ஒருவர்தாம். அத்திருவிழாவில் சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடையில் கொடுத்துவந்த தரிசனத்தை அவ்வருஷம் அவர் யாரோ ஒரு பந்தல்காலைப் பார்த்துக் கும்பிட்டு முடித்துக்கொண்டார்.

“அது கோயில் கொடை மாமா. இது கேம்பிங். சத்தமே இருக்கப்படாது” என்று மருமகன் ஒரே வாக்கியத்தில் என் பால்ய அனுபவத்தைத் தள்ளுபடி செய்துவிட்டான்.

முதலில் காரையாறு அணையின் நீர்த்தேக்கக் கரையிலேயே கூடாரம் அடிப்பது என்றுதான் சங்கற்பம் செய்துகொண்டோம். ஆனால் அந்தப் பிரதேசம் 1988ஆம் ஆண்டு முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம்; தமிழ்நாட்டில் புலிகளுக்கென்று முதன்முதலாக ஏற்பட்டது அதுவே; அங்கே நினைத்த இடத்தில் முளையடித்துப் படுத்துக்கொள்ள யாருக்கும் அனுமதியில்லை என்பதை விசாரித்த இடத்தில் மரியாதையாகவே எடுத்துச் சொன்னார்கள். புலியை நாம் பார்த்துவிட வேண்டுமென்பது மருமகனின் ஆசை. புலி நம்மைப் பார்த்துவிடக் கூடாதே என்பது என்னுடைய ஆசை. ஆகையால், இவ்விதியை ஏற்படுத்திய புண்ணியவான்களை உள்ளுக்குள் வாழ்த்திக்கொண்டு, முகத்தில் மட்டும் விசனத்தை வரவழைத்துக்கொண்டேன். பிறகு, “கூந்தன்குளத்துக்குப் போவோமே. உங்க அத்தைக்குப் பெரியம்மை முறையில ஒரு ஆச்சி அங்கதான் இருக்காக” என்றேன்.

ஏரி என்ற சொல்லுக்குத் திருநெல்வேலிச் சீமையில் உத்தியோகமே கிடையாது. இக்கரையில் நிற்பவனுக்கு அக்கரை தெரியாமல் கடல்போல் கிடந்தாலும் எங்களுக்கு அது குளந்தான். கூந்தன்குளமும் அவ்விதமானதே: நாங்குநேரி வட்டாரத்தில், மணிமுத்தாற்றுத் தண்ணீர் கால்வாய் வழியே வந்து நிரப்பும் பாசனக் குளம். ஏறத்தாழ 129 ஹெக்டேர் பரப்புள்ள இந்த இடத்தை 1994இல் அரசாங்கம் பறவைகள் சரணாலயமாக்கிற்று. உலகத்து முக்கிய ஈரநிலங்களைக் குறித்துவைக்கும் ராம்சார் பட்டியலில் இதுவும் சேர்ந்துவிட்டதாக 2022இல் அறிவிப்பு வந்தது. ஆனால் பட்டியல்களையெல்லாம் எதிர்பாராமல், பறவைகள் குளத்து மரங்கள் போதாவென்று ஊருக்குள்ளேயே புகுந்து, வீட்டுக் கொல்லைகளிலுள்ள வேம்பிலும் புளியிலும் கூடு கட்டிக்கொள்வதும், அவை மிரளுமென்று ஊரார் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காதிருப்பதும் அங்கே வெகுகாலமாக நடந்துவரும் காரியங்கள். இதைக் கேட்ட மருமகன், வெடிச் சத்தமும் இல்லாத ஊர் என்பதனால் உடனே சம்மதித்தான்.

மூலைக்கரைப்பட்டி வழியாக நாங்கள் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வானத்தில் கைக்குட்டையளவு மேகமும் இல்லை. ஆச்சி கொல்லையில் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். குடை பிடித்தபடியே ஆட்டுக்குக் குழை போட்டாள். குடை பிடித்தபடியே தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டாள். கொல்லையைக் கடந்து தாழ்வாரத்தில் கால் வைத்தவுடன் குடையை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டு, “வாங்க மாப்பிள்ளை, வா எய்யா” என்று வாய் நிறைய வரவேற்றாள். வயதான காலத்தில் புத்தி சற்று இப்படி அப்படித்தான் ஆகிவிடும் போலிருக்கிறது என்று நான் அநியாயமாக ஓர் அனுமானம் செய்தேன்.

கூடாரத்தைக் கண்டதும் ஆச்சிக்கு அது விளங்கவேயில்லை. “பட்டாசல்ல கட்டில் கிடக்கு, மச்சில காத்து வருது. ஒரு பிள்ளை எதுக்குய்யா துணிக்குள்ள போயிப் படுக்கணும்?” என்றாள். இயற்கையோடு ஒன்றி வாழ்வதைப் பற்றி மருமகன் கால்மணி நேரம் பிரசங்கம் செய்தான். ஆச்சி பொறுமையாகக் கேட்டு முடித்து, “ஒன்றுங்க, வேண்டாங்கலை. அந்த வேம்புக்கு அடியில மட்டும் போடாதீங்க” என்றாள். ஆனால் கொல்லையிலேயே புல்லும் நிழலும் உள்ள இடம் வேம்பின் அடிதான். கூடாரத்துக்குள் படுத்தபடியே அண்ணாந்து பார்த்தால் தலைக்குமேல் பத்துப் பதினைந்து நாரைக் கூடுகள் தெரியும் ஸ்தானமும் அதுதான். மருமகன் முளைகளை அங்கேதான் அடித்தான். ஐந்து நிமிஷ வேலைக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. வேலிக்கு வெளியே கூடிய சிறுவர்களுள் ஒருவன், மேல்பக்கம் கீழ்பக்கம் மாறிப்போயிருக்கிறதென்று சொல்லித்தந்திராவிட்டால் இன்னும் பிடித்திருக்கும்.

மஞ்சள்மூக்கு நாரையைப் பற்றி ஒரு விருத்தாந்தம் சொல்ல வேண்டும். வளர்ந்த நாரைக்குக் குரல் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை; அன்பானாலும் கோபமானாலும் அலகின் இரு பாதிகளையும் அடித்துக்கொண்டு கடகடவென்று சப்தமிடும். அதன் குஞ்சுகளோ, பெற்றோருக்கு இல்லாத குரலையும் சேர்த்துத் தாங்களே வைத்துக்கொண்டவை. தாய் தந்தையர் வயிற்றில் சுமந்து வந்த மீனைக் கூட்டில் கக்கி வைக்க, குஞ்சுகள் அதை அடித்துப் பிடித்துத் தின்னும். அடிதடியில் சில மீன்கள் கீழே விழும். இவையெல்லாம் புஸ்தகத்திலும் உண்டு. ஆனால் புஸ்தகத்தில் படிக்கும்போது மீன் நம்மேல் விழுவதில்லை.

முதல் மீன் ராத்திரி எட்டு மணி சுமாருக்கு, பாதி ஜீரணமான நிலையில், கூடாரத்தின் கூரையில் சொத்தென்று விழுந்து, வழுக்கி, வாசலில் வந்து நின்றது. அதைத் தேடிக்கொண்டு பூனை வந்தது. பூனையைத் தேடிக்கொண்டு நாய் வந்தது. “பார்த்தீங்களா மாமா, உணவுச் சங்கிலி!” என்று மருமகன் பரவசப்பட்டான். அதன்பின் ஆரம்பித்தது எச்ச மழை. மழையென்று சொல்வது அலங்காரமன்று. தகரக் கொட்டகையில் ஐப்பசித் தூறல் விழுகிற மாதிரி, விட்டு விட்டு, ஆனால் விட்டுப்போகாமல், ஒரு தாளக்கட்டோடு விழுந்துகொண்டேயிருந்தது. மீன் தின்னும் பறவையின் எச்சத்துக்கு உரிய வாசனையை வர்ணிக்க நான் விரும்பவில்லை. நாட்பட்ட கருவாட்டுக் கூடையை நவசாரத்தில் ஊறவைத்தால் எவ்விதம் இருக்குமோ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். மேலே குஞ்சுகளின் கூச்சல். கீழே பூனைக்கும் நாய்க்கும் வியாஜ்யம். நடுவில், சத்தமே கூடாதென்று சென்னையிலிருந்து வந்த இயற்கை உபாசகன், இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு கிடந்தான். பதினொரு மணிக்கு, “மாமா, அந்தக் கட்டில் காலியாத்தான் இருக்குமா?” என்று மெதுவாகக் கேட்டான். கொல்லைக் கதவைத் தட்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஆச்சி அதைத் தாழ்போடாமலே வைத்து, பட்டாசலில் இரண்டு பாயும் விரித்திருந்தாள்.

வெள்ளன எழுந்து குளத்துக்கரைக் கோபுரத்தில் ஏறினோம். அங்கே கண்ட காட்சிக்காக இன்னொரு ராத்திரியும் எச்ச மழையில் நனையலாம் என்று நான் மனப்பூர்வமாகச் சொல்லுவேன். கரண்டிவாயன்கள் வரிசையாக நின்று, பாயசம் துழாவுகிற சமையற்காரர்களைப்போல் அலகை இடமும் வலமும் வீசிக்கொண்டிருந்தன. நாரைகள் திறந்த அலகைக் கலங்கல் நீரில் அமிழ்த்தி, மீன் வந்து இடித்தவுடன் கப்பென்று மூடின. கண்ணால் தேடுகிற வேலையே இல்லை. அவற்றின் இளஞ்சிவப்புக் கால்கள் ஏன் சுண்ணாம்பு பூசினாற்போல் இருக்கின்றன என்று மருமகன் கேட்டதற்கு, வெயில் தாங்காதபோது நாரை தன் காலிலேயே எச்சமிட்டுக்கொண்டு உஷ்ணத்தைத் தணித்துக்கொள்ளும் என்று நான் விளக்கியபோது, பாரபட்சமற்ற பறவை என்ற எண்ணம் அவனுக்கும் உண்டாயிற்று. தலையில் இரண்டு கறுப்புக் கோடுகளோடு சில வாத்துகள் வயல் பக்கமிருந்து வந்து இறங்கின. அவை வரித்தலை வாத்துகள். மங்கோலியா, திபெத் பக்கங்களிலிருந்து, சுமார் 7,000 மீட்டர் உயரம்வரை எழும்பி இமயத்தைத் தாண்டி வருகிற ஜாதி. அத்தனை தூரம் வருகிறவை முதுகில் ஒரு மூட்டையும் கொண்டு வரவில்லை என்பதை நான் மருமகனிடம் சொல்லவில்லை. வாத்துகளைப் பார்த்தபடி அவனே பெருமூச்சு விட்டான்.

அவன் கொண்டுவந்திருந்த காமிராவின் மூக்கு வீட்டுச் சாக்கடைக் குழாயைவிடப் பெரியது. அதைப் பார்க்கையில் எனக்கு மா. கிருஷ்ணனின் நினைவு வந்தது. 1912இல் இதே திருநெல்வேலியில் பிறந்து, இந்தியக் காட்டுயிர்களைப் பற்றித் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிய அந்த மனிதர், பல காமிராக்களின் பாகங்களைத் தாமே சேர்த்துக் கட்டிய ஒரு விசித்திர உபகரணத்தைக்கொண்டு, கறுப்பு வெள்ளையில்தான் யானைகளைப் படம் பிடித்தார். மருமகனும் அன்று காலை முந்நூறு படம் எடுத்தான். இருநூறுக்குக் குறையாதவற்றில் நாரையின் வால் மட்டும் விழுந்திருந்தது.

நாங்கள் திரும்பி வந்தபோது கூடாரம் வெள்ளையாகியிருந்தது. பச்சை என்று சொன்னால் நம்புவதற்குச் சாட்சி வேண்டும். வேப்பமரத்தில் ஒரு நாரை, வெயில் குஞ்சுகள்மேல் படாதபடி இரண்டு சிறகையும் பந்தல்போல் விரித்துக்கொண்டு நின்று, தலையைச் சாய்த்து எங்களையே பார்த்தது. ஆச்சி குடையைப் பிடித்துக்கொண்டு கூடாரத்தைச் சுற்றி வந்து, விரலால் ஒரு மூலையைச் சுரண்டிப் பார்த்து, “கழுவிறாதீங்க. காயட்டும், உதறி எடுத்துக்கிடுதேன். வயலுக்கு இதைவிட எரு கிடையாது” என்றாள். உண்மைதான், எச்சம் கலந்த குளத்து நீரும் வண்டலும் அவ்வூர் வயல்களுக்கு உரமாகின்றன. பறவை வந்தால் குளத்தில் தண்ணீர் இருக்கிறதென்று அர்த்தம். தண்ணீர் இல்லாத வருஷம் பறவையும் இல்லை, நெல்லும் இல்லை. அப்படிப்பட்ட வருஷங்களில்தான் தனக்குத் தூக்கம் வருவதில்லையென்று ஆச்சி சொன்னாள். “சத்தமில்லாம எப்படி மாப்பிள்ளை உறங்க?”

கூடாரம் கூந்தன்குளத்திலேயே தங்கிவிட்டது. நெல் காயப்போட வசதியாக இருக்கிறதென்று சித்திரையில் தகவல் வந்தது.

பார்க்க விரும்புகிற அன்பர்கள், குளத்தில் தண்ணீர் உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, தை மாசி மாதங்களில் பாளையங்கோட்டையிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகப் போகலாம். கூடுகளுக்கு அடியில் கூச்சலிடக் கூடாது, கூடாரம் தேவையில்லை. மழைக்காலமா என்று யோசித்துக்கொண்டிராமல் குடையை மட்டும் மறக்காமல் எடுத்துச் செல்லவும்.