கருவிழியில் கத்தி போட்ட கதை

கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி என்ற வைத்தியம் ஐந்நூறு வருஷமாக இருக்கிறது. மூக்கில் தழும்பு விழும் என்பதைத் தவிர அதன்மேல் பெரிய புகார் கிடையாது. ஆனாலும் டாக்டர்களுக்குக் கை சும்மா இருக்குமா?

ஆரம்பித்தவர் ஜப்பானின் ட்சுடோமு சாட்டோ. 1930களின் கடைசியில், கருவிழியை முன்பக்கமும் உள்பக்கமும் கீறித் தட்டையாக்கினார். பார்வை தெளிந்தது, ஊர் மெச்சியது. உள்பக்கத்தில் ஒரே ஒரு வரிசை செல்கள் இரவு பகலாகத் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டிருக்கின்றன, செத்தால் மறுபடி முளைக்காது என்ற சங்கதி அப்போது தெரியவில்லை. செல்கள் பெருந்தன்மையானவை. இருபது வருஷம் பொறுத்துவிட்டுக் கைவிரித்தன. பலருக்குக் கருவிழி ஊறி வெளுத்தது.

1970களில் மாஸ்கோவின் ஸ்வியாதோஸ்லாவ் ஃபியோதரோவ் வந்தார். சண்டையில் கண்ணாடி உடைந்து, சில்லு கருவிழியில் பாய்ந்த ஒரு பையனுக்குப் பார்வை முன்னைவிடத் தெளிந்ததாம். வேறொருவர் ஆண்டவன் கிருபை என்று விட்டிருப்பார். இவர் கத்தியை எடுத்தார். நடுவை விட்டுவிட்டு, முன்பக்கம் மட்டும் சுற்றிலும் சைக்கிள் ஆரக்கால் மாதிரி கீறல்கள். அதற்கு ஒரு தொழிற்சாலையே வைத்தார்: நோயாளிகளின் படுக்கைகள் நகர்ந்துகொண்டே இருக்கும், ஆளுக்கொரு வேலையாக டாக்டர்கள் செய்து அடுத்தவரிடம் தள்ளுவார்கள். சோவியத்தில் தாமதமில்லாமல் வெளிவந்த ஒரே சரக்கு இதுதானோ என்னவோ.

அமெரிக்கர்கள் பனிப்போரை ஒத்திவைத்துவிட்டு இந்த வித்தையை வாங்கிப்போனார்கள். நல்லவேளை, கணக்கும் வைத்தார்கள். பத்து வருஷ முடிவு 1994இல் வந்தது. பெரும்பாலானவர்கள் கண்ணாடியில்லாமல் சமாளிக்கிறார்கள் என்று டமாரம் அடித்தார்கள். அதே அறிக்கையில் இன்னொரு வரி: 43 சதவீதக் கண்கள் ஒரு டயாப்டரோ (கண்ணாடிப் பவரின் அளவு) அதற்கு மேலோ தூரப்பார்வைப் பக்கம் நகர்ந்திருந்தன. தட்டையாகும்படி சொன்ன கருவிழியிடம் நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை.

1996இல் அதே கீறல்களோடு பெக் வெதர்ஸ் என்ற டெக்சாஸ் டாக்டர் எவரெஸ்ட் ஏறினார். உயரத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் கருவிழி வடிவம் மாறிப் பார்வை போனது. புயலில் மாட்டி, செத்தார் என்று கைவிடப்பட்டு, எழுந்து நடந்து வந்தார். மூக்கையும் ஒரு கையையும் உறைபனி கொண்டுபோனது. இதைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை.

கத்திக்கு ஓய்வு கொடுத்தது ஒரு வான்கோழி. 1981 நவம்பரில், சென்னையில் பிறந்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன், பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழியை ஐபிஎம் ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் எக்ஸைமர் லேசரில் காட்டினார். கருகாமல் சுத்தமாக வெட்டியது. கருவிழியை லேசரால் செதுக்கும் லேசிக் அந்த வழி வந்ததுதான்.

கீறிக்கொண்ட தலைமுறைக்கு இப்போது கண்புரை வயது. உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரங்கள், கீறிய கருவிழியில் தப்பாகிவிடும். அப்படிக் கீறிக்கொண்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.