தாய்ப்பத்திரமும் டிபன் டப்பாவும்: பாழ்தோப்பில் பெட்டி தேடுதல் குறித்து ஓர் ஆய்வு

ஜியோகேச்சிங் என்னும் விளையாட்டு 2000-ஆம் ஆண்டு மே 3 அன்று அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் பிறந்ததாக உலகம் நம்புகிறது. ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு அதற்குச் சற்று முன்புதான் நீக்கியிருந்தது. துல்லியம் கைக்கு வந்த மகிழ்ச்சியில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில சாமான்களைப் போட்டு மறைவாக வைத்து, அட்ச, தீர்க்க ரேகைகளை ஊரறியச் சொன்னார். கண்டெடுப்பவர் ஒன்றை எடுத்து ஒன்றை வைக்க வேண்டும். நோட்டில் பெயரெழுத வேண்டும். இந்தப் பிறப்புச் சான்றிதழை இக்கட்டுரை ஏற்கவில்லை. ஒளிபொருள், இடக்குறிப்பு, வந்தவர் பெயர்ப்பதிவு ஆகிய மூன்று உறுப்புகளும் நம் சார்பதிவாளர் அலுவலகங்களில் நெடுங்காலமாகப் புழங்குகின்றன. விளையாடுகிறோம் என்று அறியாமலே நம்மவர் விளையாடி வந்தனர் என்பதே இங்கு நிறுவப்படும் கருத்து.

ஆய்வுக்களம் ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு. இப்பக்கத்து நிலம் மனைப்பிரிவாக மாறும்போது பழைய தோட்டத்தில் மிஞ்சக்கூடியவை தூர்ந்த கிணறு, கூரையிழந்த பம்புசெட் கொட்டகை, கேட்பாரற்றுக் காய்க்கும் ஓரிரு மாமரம். டிபன் டப்பா ஒளிக்க இவற்றினும் தகுந்த இடமில்லை. இத்தகைய நிலத்தின் தாய்ப்பத்திரத்தைப் புரட்டினால் முதல் சான்று கிடைக்கும். பழைய கிரயப் பத்திரங்கள் மண்ணை மட்டும் விற்பதில்லை; நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று அடுக்கி, கிணற்றுக்கும் மரத்துக்கும் முன்பாகவே புதையலை விற்றுவிடுகின்றன. எவரும் பாராத பொருளை முதல் வரிசையில் வைத்து விற்கும் துணிவு உல்மருக்கு வரவில்லை. இரண்டாம் சான்று செக்குபந்தி: கிழக்கே இன்னார் தோப்பு, மேற்கே வாய்க்கால், வடக்கே வண்டிப்பாதை, இதற்குட்பட்டது என்று துப்புக் கொடுக்கும் பகுதி. மூன்றாவது வில்லங்கச் சான்று. எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், தேதி என வந்து போனவர் அனைவரையும் காட்டும் அதைவிட ஒழுங்கான வருகைப் பதிவேடு எந்த டப்பாவிலும் இராது.

ஜிபிஎஸ் எண் மாறாதது, எல்லையாகச் சொன்ன தோப்போ இன்று அடுக்குமாடியாகிவிட்டது, ஆகவே பத்திரம் பயன்படாது என்று தடை கூறலாம். எண் மாறாதது உண்மை. அதைக் காட்டும் கைபேசி திறந்த வானத்தின் கீழேயே சுமார் 5 மீட்டர், அதாவது 16 அடி, பிசகக்கூடியது. மாமரத்தடியில் இன்னும் மோசம். ஒரு கிரவுண்டு மனையின் முகப்பே 40 அடிதான் என்னும்போது, இப்பிழை தேடுபவரை அடுத்த வீட்டுத் துணி உலர்த்தும் கொடியருகே நிறுத்தப் போதுமானது. இரு பெட்டிகளுக்கிடையே 161 மீட்டர் வேண்டும் என்ற விளையாட்டு விதியும் இங்கே பதின்மூன்று மனைகளைத் தாண்டச் சொல்கிறது. பத்திரமோ தோப்பு போனாலும் சர்வே எண்ணையும் எல்லைக்கல்லையும் பிடித்துக்கொண்டு நிற்கும். துல்லியத்துக்கு நாம் பகைவரும் அல்லர்; இந்திய நிலத்தை அளந்த பெரும் முக்கோண அளவையின் முதல் அடிக்கோடு 1802-இல் பரங்கிமலைப் பக்கம்தான் இழுக்கப்பட்டது.

வேண்டுமென்று ஒருவர் ஒளித்தால்தானே விளையாட்டு என்பது அடுத்த தடை. பாகப்பிரிவினைக்குப் பின் தாய்ப்பத்திரத்தை எந்த அண்ணன் வைத்திருக்கிறார் என்று தேடிய குடும்பங்கள் இதற்கு விடையளிக்கும். எஞ்சுவது சட்டத் தடை. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணிலோ மண்ணோடு இணைந்த கட்டடத்திலோ மறைந்திருந்து, பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டும் எதைக் கண்டாலும் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். தவறினால் ஓராண்டு வரை சிறை. கொட்டகைச் சுவரில் செருகிய டப்பாவையும் எழுத்துப்படி இதில் அடக்கலாம். இது நம் கருத்தை மறுக்கவில்லை, வலுப்படுத்துகிறது: விளையாட்டுக்கு அரசு நடுவரே உண்டு என்று ஆகிறது. ஆகவே பருத்திப்பட்டில் பெட்டி வைப்போர் ரேகைகளோடு செக்குபந்தியும் எழுதுக. உள்ளடக்கம் பத்து ரூபாயை மீறாதிருக்கப் பென்சிலோடு நிறுத்துக. மீறி, உரிமையாளர் இல்லாத பொருள் என்று ஆட்சியர் அறிவித்து, பங்கு பற்றி வேறு உடன்பாடும் இல்லையென்றால், கண்டவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால். நான்கு பென்சில் இருந்தால் மூன்றும் ஒன்றுமாகப் பிரித்துக்கொள்ளலாம். ஐந்து இருந்தால் சிவில் வழக்குதான்.