டோன் உபாசகர்

இவர் வீட்டுக்குப் போனால் காபிக்கு முன்னால் ஆம்ப்ளிஃபயர் சூடாகும். வால்வு ஆம்ப் சுவிட்சைத் தட்டியதும் பாடிவிடாது. முதலில் பவர், சற்றுப் பொறுத்து ஸ்டாண்ட்பை. பின்பக்கக் கம்பி வலைக்குள் வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் கண் விழிக்கும்வரை கைகட்டி நிற்பார். பூஜையறையில் இவ்வளவு பவ்யத்தைக் கண்டதில்லை என்பது அவர் மனைவியின் வாக்குமூலம்.

வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். அதில் ஒன்று ஆம்ப்புகளுக்கு.

தொழில் மென்பொருள். உபாசனை, ஹை கெயின் டோன். ஆம்ப்பின் முன்பகுதியில் சின்ன வால்வுகள் வரிசையாக இருக்கும். ஒன்று பெருக்கியதை அடுத்தது மேலும் பெருக்க, சத்தம் மேலே போக இடமில்லாமல் முட்டி நசுங்கும். மெட்டல் இசைக்கு உயிர் கொடுப்பது அந்த நசுங்கல். அது எந்தக் கம்பெனி ஆம்ப்பில் எப்படி நசுங்குகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பதுதான் இவர் வாழ்க்கை.

அன்று மெசா டூயல் ரெக்டிஃபயர், பீவி 5150 என்ற இரண்டு ஆம்ப்புகளும் பக்கத்தில் பக்கத்தில். உள்ளங்கை ஓரத்தைக் கிதார்த் தந்திகளின் மேல் பதித்து, தடித்த தந்தியில் ஒரே ஒரு தட்டு. ‘ஜுங்க்’ என்றது மெசா. வயரைப் பிடுங்கி அடுத்ததில் செருகினார். ‘ஜக்’ என்றது பீவி.

“கேட்டீங்களா சார்?”

“கேட்டேன். முதல்ல வந்தது கொஞ்சம் கனமா இருக்கு.”

“கனமில்ல சார், லூசு. லோ எண்ட் எப்படித் தளதளங்குது பாருங்க. இது டைட்டு. அதுக்கு முன்னாடி ஒரு டியூப் ஸ்க்ரீமர் பெடல் போட்டா அதுவும் டைட்டாயிடும்.”

“அப்ப போட்டுடலாமே?”

“போட்டா ரெண்டும் ஒண்ணு மாதிரி ஆயிடுமே சார்!”

காதுக்கு எட்டாத வித்தியாசம் விரலுக்கு எட்டும் என்பது இவருடைய அடுத்த கட்டம். அதற்கு ‘ஃபீல்’ என்று பெயர். இதில் சரக்கு இல்லாமல் இல்லை. மெசாவில் மின்சாரத்தைச் சீராக்கும் வேலையை வால்விடமும் கொடுக்கலாம், சிலிக்கன் டயோடிடமும் கொடுக்கலாம். பெயரில் ‘டூயல்’ வந்ததே அதனால்தான். வால்விடம் கொடுத்துவிட்டுத் தந்தியை ஓங்கி அடித்தால் வோல்டேஜ் ஒரு கணம் தொய்ந்து மீளும். ஸ்வரம் பதுங்கி எழும். டயோடு அப்படி இடம் கொடுக்காது, அடித்த அடி அப்படியே வரும். இந்தப் பதுங்கலைப் பற்றி இவர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது.

கிதார் கலைஞர் எட்டி வான் ஹேலன் தன் பழைய மார்ஷல் ஆம்ப்புக்குப் போகும் மின்சாரத்தை வேரியாக் என்ற கருவியால் குறைத்துத்தான் புகழ்பெற்ற அந்த ‘பிரவுன் சவுண்ட்’டை எடுத்தார். கூட்டியதாக ஆரம்பத்தில் பேட்டிகளில் கதைவிட்டவர், பிற்பாடுதான் குறைத்ததை ஒப்புக்கொண்டார். நம் உபாசகர் வேரியாக் வாங்கவில்லை. மே மாதம் வந்தால் தெருவெல்லாம் ஏசி ஓடி, லோ வோல்டேஜில் டியூப் லைட் சிமிட்டும். ஊரே புலம்பும் அந்த நேரத்தில் இவர் மட்டும் கிதாரை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடுவார்.

அந்த 5150 என்ற எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. மனநிலை பிறழ்ந்து ஆபத்தாக நடந்துகொள்பவரை 72 மணி நேரம் பிடித்து வைக்க வழிசெய்யும் கலிபோர்னியா சட்டப் பிரிவு அது. வான் ஹேலன் அதைத் தன் ஸ்டூடியோவுக்குப் பெயராக வைத்தார். 1992-இல் வந்த ஆம்ப்புக்கும் அதே பெயர். இதை உபாசகரே பெருமையாகச் சொன்னார். அடுக்களையிலிருந்து ஒரு இருமல் கேட்டது.

இந்த ஆம்ப்புகளின் வம்சாவளியைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. லண்டன் ஹான்வெல்லில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1962-இல் கொண்டுவந்த முதல் ஆம்ப் ஃபெண்டர் பேஸ்மேனைப் பார்த்துச் செய்தது. மார்ஷலை மேலும் முறுக்கேற்றும் வழியில் 1987-இல் வந்தது மைக் சொல்டானோவின் எஸ்எல்ஓ-100 ஆம்ப். அதன் சாயல் பீவியிலும் உண்டு, மெசாவிலும் உண்டு என்பார்கள் சர்க்யூட் படிக்கத் தெரிந்தவர்கள். கல்யாணத் தரகராக இருந்தால் ஒரே கோத்திரம் என்று சொல்லி எழுந்து போயிருப்பார். உபாசகர் அசரவில்லை. “அதனாலதான் சார் வித்தியாசம் கண்டுபிடிக்கறது கஷ்டம். அதுக்குத்தான் காது வேணும்.”

காது பற்றி ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இலேயே சொல்லிவிட்டார்கள்: சத்தம் குறைந்தால் அடிக்கட்டை ஸ்வரங்கள் நமக்குச் சரியாகக் கேட்காது. ஆகவே இரண்டில் எது துளி உரக்க ஒலிக்கிறதோ அதுவே ‘செழுமை’யாகத் தோன்றும். இவருடைய தீர்ப்புகளில் பாதி, எந்தக் குமிழ் ஒரு நூல் கூடத் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்தவை என்பது என் சந்தேகம். மெசா நூறு வாட், பீவி நூற்றிருபது. அரங்கம் அதிர வாசிக்கச் செய்தவை. வேளச்சேரியில் வால்யூம் பொதுவாக இரண்டைத் தாண்டாது. ஒருமுறை மூன்றை எட்டியபோது கீழ்வீட்டு மாமா மேலே வந்து, “தம்பி, மிக்ஸி ஜார்ல ஸ்பூன் மாட்டிண்டுடுத்தா?” என்று அக்கறையோடு விசாரித்தார். அதன்பின் அட்டெனுவேட்டர் என்ற பெட்டி வந்தது. ஆம்ப் தரும் சக்தியில் பெரும்பகுதியை வாங்கிச் சூடாக்கிக் கரைப்பது அதன் வேலை. நூறு வாட்டுக்கு ஒரு செலவு, அந்த நூறைக் கொல்ல இன்னொரு செலவு.

முழுப்பாட்டு ஒன்று வாசிக்கச் சொன்னேன். “டோன் செட் ஆகட்டும் சார்” என்றார்.

போன வருஷம் மனைவியின் நச்சரிப்பில் பீவியைப் பள்ளிக்கரணையிலுள்ள இன்னொரு உபாசகருக்கு விற்றார். வாரக்கடைசியில் அங்கே போய்க் கேட்டுவிட்டு வருவார். இப்போது அதையே திரும்ப வாங்கப் பேச்சு நடக்கிறது, விற்றதைவிட ஐயாயிரம் கூட.

“ஏன் கூட?”

“அவர் கையில இருந்ததில வால்வு நல்லா பழுத்திருக்கு சார்.”