சூடோ சார்

எங்கள் அடுக்ககத்தில் மட்டுமில்லை, உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியிருக்கும். காலை நடையில் எதிரே வந்தால் எல்லாரும் சுகர் எவ்வளவு என்று கேட்பார்கள், இவர், "நீங்க இன்னும் விண்டோஸ்தானா?" என்பார். சிகரெட்டை விட்டவர் சிகரெட் பிடிப்பவரைப் பார்க்கும் அதே பார்வை. எங்கள் ஆளுக்கு நான் வைத்த பெயர் சூடோ சார்.

இந்த வகையறா யாரும் கொள்கைக்காக லினக்ஸுக்கு வருவதில்லை. பரணில் கிடக்கும் மடிக்கணினி வீணாகிறதே என்றுதான் வருகிறார்கள். சார் வீட்டில் கிடந்தது, மகளுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 2011இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய அந்தப் பெட்டிகளில் விண்டோஸோடு, சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் ஒண்டுக்குடித்தனம் இருந்தது. அப்போது அதைச் சீந்துவாரில்லை. இப்போது சார் பென் டிரைவில் உபுண்டு லினக்ஸைக் கொண்டுவந்து, இரண்டு குடித்தனத்தையும் காலி செய்துவிட்டார். "ஒரு பைசா செலவில்லை சார். வைரஸே வராது." பால்காரருக்குக்கூட இது மனப்பாடம்.

உபுண்டுவை ஏற்றும்போது, மூன்றாம் தரப்பு மென்பொருளையும் சேர்க்கட்டுமா என்று ஒரு கட்டம் கேட்கும். சார் டிக் அடிக்கவில்லை. "மூணாம் மனுஷனை எதுக்கு வீட்டுக்குள்ள விடணும்?"

அந்த மூன்றாம் மனிதனின் அருமை, சம்பந்தி வீட்டார் வந்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. கல்யாண வீடியோவைத் தட்டினால், அதைப் பிரித்துக் காட்டுகிற கோடெக் இல்லை என்றது. பிரபலமான பல வடிவங்களுக்குக் காப்புரிமை உண்டு. இலவசமாகக் கொடுப்பவர்கள் வம்பை விலைக்கு வாங்குவானேன் என்று சிலவற்றைச் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். எம்பி3க்கே 2017இல்தான் அந்தத் தொல்லை தீர்ந்தது. இதையெல்லாம் சார் சம்பந்திக்கு விளக்கினார். சம்பந்தி கேசரியில் முந்திரி தேடிக்கொண்டிருந்தார்.

பெங்களூரிலிருந்து அக்கா மகன் போனில் வந்தான். "ஒரே வரிதான் மாமா. டெர்மினலைத் திறந்து, சூடோ ஆப்ட் இன்ஸ்டால் விஎல்சி."

"சூடோ..." என்று சார் உரக்கச் சொல்லிக்கொண்டே தட்டினார்.

"சூடாத்தான் குடுத்தேன். ஆற வச்சுட்டு என்னைச் சொல்லாதீங்க" என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது.

சூடோ என்றால், வீட்டுக்காரன் சொல்றேன், செய் என்று கணினியை அதட்டுவது. அதுவும் லேசுப்பட்டதில்லை, நீ வீட்டுக்காரன்தானா என்று கடவுச்சொல் கேட்கும். அதைத் தட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. பக்கத்தில் இருப்பவர் எழுத்துகளை எண்ணிவிடக் கூடாதாம். சார் கீபோர்டு போச்சு என்று தீர்மானித்து மடிக்கணினியைக் கவிழ்த்துத் தட்டினார். பழைய முறுக்குத் துண்டு ஒன்று விழுந்தது.

விஎல்சி என்ற வீடியோ பிளேயருக்கு வேண்டிய கோடெக்குகள் அதோடு சேர்ந்தே வந்துவிடும். அந்த வரியோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு வரியில் முடிகிற காரியத்தில் என்ன மரியாதை இருக்கிறது? யாரோ சொன்னார்கள் என்று ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ் என்ற மூட்டையையும் சார் இறக்கினார். அதில் மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களும் உண்டு. அவற்றின் உரிம ஒப்பந்தம் திரையை அடைத்துக்கொண்டு நின்றது. அடியில் ஓகே என்று இருக்கிறது. மவுஸுக்கு மசியவில்லை, என்டருக்கும் அசையவில்லை. வேறு வழியில்லாமல் சார் ஒப்பந்தத்தைப் படித்தார். கீழே போய், மேலே வந்து, மறுபடியும் படித்தார். அதை முழுக்கப் படித்தவர் இந்தியாவிலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். கடைசியில் சம்பந்தியின் பேத்தி டேப் விசையை ஒரு தட்டு தட்டினாள். அதற்குள் பெரியவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

சூடோவின் ருசி கண்டவர் சும்மா இருப்பாரா? விஎல்சியையும் சூடோ போட்டே திறந்தார். ரூட்டாக, அதாவது வீட்டுக்காரனாக, வந்தால் ஓட மாட்டேன், மன்னிக்கவும் என்று அது மறுத்துவிட்டது. அதட்டாமல் திறந்தபோது, சாலையில் வைக்கிற ஆரஞ்சுக் கூம்பு எட்டிப் பார்த்தது. "வேலை நடக்குதுன்னு போர்டு வச்சிருக்கான். இன்னும் முடியலை போல" என்று சார் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தார். பாரிஸ் புறநகரில் 1996இல் மாணவர்கள் தொடங்கிய திட்டம் அது; அவர்கள் கல்லூரியில் சேர்த்து வைத்திருந்த கூம்புகள்தான் அந்தச் சின்னம் என்று நான் சொன்னதை அவர் ரசிக்கவில்லை. லினக்ஸ் பற்றி விண்டோஸ்காரன் சொல்லலாமா?

கிறிஸ்துமஸ் அன்று இரவு பத்து மணிக்கு அழைப்புமணி அடித்தது. சார்தான். மடிக்கணினியைத் துண்டால் மூடி எடுத்து வந்திருந்தார். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுத் துண்டை விலக்கினார். கூம்பின் தலையில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு குல்லா.

"வைரஸ் சார்" என்றார், அடிக்குரலில். "வெளியில சொல்லிடாதீங்க. உங்களுக்கு இதெல்லாம் பழக்கமாச்சே, நீங்க என்ன பண்ணுவீங்க?"