ஆணிக்கு வெற்றிக்கிண்ணம்

சுன்னாகம் சந்தியில் பொலிசார் நிற்கிறார்கள் என்றால் போதும், எங்கள் இளைஞர்களுக்குத் தலைக்கவசத்தின் அருமை விளங்கிவிடும். பட்டியை இறுக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் மாட்டுவண்டிச் சவாரித் திடலுக்குப் போவார்கள். அங்கே கவசத்தைக் கழற்றிக் கைபிடியில் கொழுவிவிட்டு, வெறுந்தலையோடு வண்டியில் ஏறி, ஒரு சோடி நாம்பன்களை நாலுகால் பாய்ச்சலில் விரட்டுவார்கள். மாட்டுவண்டியிலிருந்து விழுந்தால் மண்டை உடையாது என்பது யாழ்ப்பாணம் கண்டுபிடித்த விஞ்ஞானம்.

திடலில் பாதுகாப்பு இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது. ஒலிபெருக்கி இருக்கிறதே! “பிள்ளையள், கரைக்குப் போங்கோ, சோடி வருகுது” என்று அறிவிப்பாளர் கத்துவார். மிரண்ட மாடும் அதைக் கேட்டு விலகிப் போகும் என்பது ஏற்பாட்டாளர்களின் நம்பிக்கை. பிரதம விருந்தினருக்கு மட்டும் மேடை, பந்தல், கதிரை. அவர் மாலையோடு எழுந்து பாரம்பரியத்தைக் காப்பது பற்றிப் பேசுவார். அவரையும் மாட்டையும் போதிய இடைவெளியில் வைத்திருப்பதில் குழுவினர் ஒருநாளும் பிசகியதில்லை.

ஓடி முடித்த ஒரு சோடியைக் கிட்டப்போய்ப் பாருங்கள். வாயில் நுரை, விலா ஏறி இறங்குகிறது. பின்தொடையில் வரிசையாகச் சிவப்புப் பொட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு இலையான். துவரந்தடியின் நுனியில் இருந்த ஆணி செய்த வேலை அது. பட்டிப்பொங்கலன்று நெற்றியில் மஞ்சள் பூசிய அதே கை, இப்போது பின்னுக்கு நின்று மஞ்சள் அப்புகிறது.

“ஆணி இல்லாமல் மாடு ஓடுமே தம்பி?” என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார்.

“ஓடாட்டில் நடக்கட்டுமன் ஐயா. எல்லாச் சோடியும் நடந்தால் போட்டி சமம்தானே?”

அவர் என்னை ஏதோ கொழும்பிலிருந்து வந்த பிராணி என்று முடிவுகட்டி விலகிப் போனார். சிரித்திரன் சுந்தர் வரைந்த கேலிச்சித்திரப் பாத்திரம் சவாரித் தம்பர் கூட இருந்திருந்தால் எனக்காக ஒரு வார்த்தை கதைத்திருப்பார்.

குதிரைகளை வேலி தாண்டவைத்துக் காடுமேடெல்லாம் ஓட்டும் வெள்ளைக்காரனும் யோக்கியனல்ல. 1999இல் பிரித்தானியாவில் ஒரே பருவத்தில் ஐந்து வீரர்கள் செத்த பிறகுதான் அவனுக்குச் சுரணை வந்தது. குதிரை குப்புறக் கவிழ்ந்து ஆளின் மேல் விழுவதே கொலைகாரன் என்று கண்டுகொண்டார்கள். வேகமாக மோதினால் முறிந்து கொடுக்கும் ஊசிகளைத் தடைமரங்களில் பூட்டினார்கள். காற்றுப்பை அங்கியும் வந்தது. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் மிருக வைத்தியர் குதிரையைப் பார்க்கிறார். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் அப்படியும் ஒரு குதிரை காயப்பட்டு, அதைக் கருணைக்கொலை செய்யவேண்டி வந்தது. ஆனால் அதைப் பண்பாடு என்று எவனும் மூடிமறைக்கவில்லை.

இங்கே வாயைத் திறந்தால், ஜல்லிக்கட்டுக்காகத் திரண்ட மெரினாவைப் பார் என்கிறார்கள். பார்த்தேன். 2023 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் ஜல்லிக்கட்டுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டபோது, விதிகளைக் கண்டிப்பாக அமுல்படுத்து என்றும் சொல்லியிருக்கிறது. தீர்ப்பைக் கொண்டாடியவர்கள் அந்த வரியை மட்டும் கடலில் விட்டுவிட்டு இங்கே கப்பல் ஏறியிருக்கிறார்கள்.

எங்கள் சட்டம் என்ன சொல்கிறது? மிருகவதைக்கெதிரான கட்டளைச்சட்டம், 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கம். உச்சத் தண்டம் 100 ரூபாய். வேண்டுமானால் மூன்று மாதச் சிறை. அந்தக் காலத்தில் 100 ரூபாய் பெரிய காசு. இன்றைக்குச் சுன்னாகம் சந்தையில் அதற்கு ஒரு இளநீர்கூட வராது. 2006இல் சட்ட ஆணைக்குழு புதிய விலங்கு நலச் சட்டமூலம் ஒன்றை வரைந்து கொடுத்தது. அது இந்த நாட்டில் ஓடும் வேகத்தைப் பார்த்தால், ஆணி குத்தவேண்டியது மாட்டுக்கல்ல.

சவாரியை நிறுத்தச் சொல்லவில்லை. ஏற்பாட்டாளர்களே, அடுத்த போட்டிக்கு நோட்டீஸ் அடிக்கும்போது பிரதம விருந்தினரின் பட்டங்களில் இரண்டைக் குறைத்து, அந்த இடத்தில் இதைப் போடுங்கள்: தலைக்கவசம் இல்லாதவர் வண்டியில் ஏறக்கூடாது, இரத்தம் கண்ட சோடிக்குப் பரிசில்லை. அச்சகத்தில் இதற்கு மேலதிகக் காசு கேட்கமாட்டார்கள்.