அடுக்ககக் குப்பையின் இறங்குமுறை: ஒரு தொடக்கநிலை ஆய்வு

அடுக்ககக் குப்பை என்பது, வீட்டுக் கதவுக்கு உள்ளே இருக்கும்வரை குடும்பச் சொத்தாகவும், கதவைத் தாண்டியதும் அசோசியேஷனின் பொறுப்பாகவும் மாறிவிடும் ஒரு திண்மப் பொருள். சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இது நாள்தோறும் தவறாமல் விளைகிறது. எடை, மணம், கசிவு ஆகியவை வீட்டுக்கு வீடு வேறுபடும். இரண்டு இயல்புகள் மட்டும் எங்கும் மாறுவதில்லை. ஒன்று, இது மேலிருந்து கீழ்நோக்கியே நகரும். மற்றொன்று, கீழே போய்ச் சேர்ந்தபின் இதை ஈன்ற வீடு எதுவென்று யாருக்கும் தெரியாது.

இரண்டாம் இயல்புக்கு ஒரே விலக்கு, கூரியர் அட்டைப்பெட்டியில் கிழிக்க மறந்த முகவரிச் சீட்டு. தொட்டிக்கு வெளியே கிடக்கும் பெட்டியின் சீட்டைப் படித்து, உரிய ஃபிளாட்டின் அழைப்புமணியை அடிக்கும் வாட்ச்மேன் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். அவருக்கு அயல்நாட்டு முன்னுதாரணமும் உண்டு. அரிசோனா பல்கலைக்கழகத்தின் வில்லியம் ராத்ஜே என்ற தொல்லியலாளர் 1973இல் டூசான் நகர வீடுகளின் குப்பையைப் பிரித்து ஆராயத் தொடங்கினார். கேட்டபோது ஒப்புக்கொண்ட அளவைவிட மக்கள் அதிகமாகவே பீர் குடிப்பதைக் குப்பை காட்டிக்கொடுத்தது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர் வீட்டுக் கூடையில் மைசூர்பாகு டப்பா அடியிலும் வெண்டைக்காய்க் காம்பு மேலுமாக அடுக்கப்படுவதன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

குப்பையை வகைப்படுத்துவதில் அரசுக்கும் குடும்பத்துக்கும் கருத்து வேறுபாடு உண்டு. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. மூன்று என்ற எண்ணிக்கை புதிதன்று. 1884இல் பாரிஸின் ஆட்சியராக இருந்த யூஜின் பூபெல், உணவுக் கழிவுக்கு ஒன்று, காகிதத்துக்கும் கந்தலுக்கும் ஒன்று, கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் சிப்பி ஓட்டுக்கும் ஒன்று என மூன்று தொட்டிகளை வீட்டுக்காரர்கள் தலையில் கட்டினார். பாரிஸில் சிப்பி ஓட்டுக்குக் கிடைத்த தனி மதிப்பு சென்னையில் முருங்கைக்காய்ச் சக்கைக்கு இன்னும் கிடைக்கவில்லை.

குடும்பங்கள் இந்த மூன்றையும் ஏற்றுக்கொண்டு, நான்காவதாக ஒன்றைச் சேர்த்திருக்கின்றன. அதற்கு 'எதுக்காவது ஆகும்' என்று பெயர். அளவில் இதுவே பெரிது. எந்த விதியும் இதைக் கண்டுகொள்ளவில்லை. வீட்டளவில் குப்பைக் குறைப்பு என்று சொல்லப்படுவதன் பெரும்பகுதி, குப்பையைக் குப்பை என்று ஒப்புக்கொள்ளாமல் இருப்பதே ஆகும். டிவி வாங்கிய அட்டைப்பெட்டி டிவி பழுதாகிப் போன பிறகும் பரணில் இருக்கும். எந்தக் கைபேசிக்கும் பொருந்தாத சார்ஜர்கள், பூக்காரம்மா கட்டிக்கொடுத்த நூல், பாதி தீர்ந்த இருமல் மருந்து, ஹார்லிக்ஸ் பாட்டில் ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவை.

நான்காம் வகையின் தலைமைப் பொருள் கவர்களின் கவர். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் ஒரு பெரிய கவருக்குள், அடக்கமான பல கவர்கள் சுருண்டு கிடக்கும். வெளிக்கவர் பெரும்பாலும் ஜவுளிக்கடையுடையது. பெறுமானம் உடையதாகையால் அதை எக்காலத்திலும் பயன்படுத்துவதில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. புதுக் கவர்களின் வரத்து குறையும் என்ற அச்சத்தில், இருந்த கவர்களின் மதிப்பு உயர்ந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. அதன் பயனாக, பல வீடுகளில் கவர்கள் இப்போது மஞ்சப்பைக்குள் வைக்கப்படுகின்றன.

பார்சல் டப்பா இதற்கு அடுத்த நிலையில் உள்ளது. பிரியாணி வந்த டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் பிரியாணியின் நினைவு அதைவிட்டுப் போகாது. மூடிகள் இருக்கும், அவற்றுக்குரிய டப்பாக்கள் இரா. ஆயினும் இதன் சமூகப் பயன் பெரிது. அடுத்த வீட்டுக்கு எவர்சில்வர் டப்பாவில் சுண்டல் கொடுத்தால், கொடுத்தவர் அதைத் திரும்பக் கேட்கக் கூச வேண்டும். வாங்கியவரோ அதை வெறும் டப்பாவாகத் திருப்பக் கூடாது என்ற மரபுக்காக எதையாவது சமைத்தாக வேண்டும். பிளாஸ்டிக் டப்பா இருவரையும் விடுவிக்கிறது. இவ்வாறு ஒரே டப்பா மூன்றாம் மாடியிலிருந்து முதல் மாடிக்கும், அங்கிருந்து எதிர் பிளாக்குக்கும் போய், ஒரு நவராத்திரியில் புறப்பட்ட வீட்டுக்கே திரும்பிவருவதும் உண்டு. எந்த வீட்டிலும் குப்பையாகாததால் இதைக் குப்பைக் குறைப்பின் நிறைவான வடிவம் எனலாம்.

ஒருவழியாகக் குப்பை என்று ஒப்புக்கொள்ளப்பட்டதும் அதைக் கீழே இறக்கும் நேரம் பார்க்கப்படும். விளக்கு வைத்தபின் குப்பையை வெளியே கொட்டினால் லட்சுமி கூடவே போய்விடுவாள். வெள்ளிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். வெளியூருக்குக் கிளம்பியவர் தெருமுனையைத் தாண்டும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாது. மாநகராட்சியின் பேட்டரி வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு வருவதோ காலையில், குக்கர் மூன்றாவது விசிலை நெருங்கும் வேளையில். எல்லாத் தடைகளையும் கழித்துப் பார்த்தால் எஞ்சுவது மிகக் குறுகிய இடைவெளி. இதனால்தான் அலுவலகம் போகிறவர் கையில் பை திணிக்கப்படுகிறது. அது சாப்பாட்டுப் பையோடு ஸ்கூட்டர் கொக்கியில் தொங்கி, தொட்டியைத் தாண்டி, கிண்டிவரை போய்விடுவதும் நிகழக்கூடியதே.

லிஃப்டில் குப்பைப் பையோடு நிற்பவர் அதைத் தன் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொள்வார். உடன் வருபவர் மாடி எண்களை ஆழ்ந்து படிப்பார். பையில் முந்தைய நாள் மோர்க்குழம்பு இருந்தால் இருவரும் வணக்கம்கூடச் சொல்லிக்கொள்வதில்லை. தரையில் விழும் சொட்டுகள் எந்த வாசல்வரை போகின்றன என்பதைச் செக்ரட்டரி பின்தொடர்ந்து பார்ப்பதாகச் சொல்லப்படுகிறது. அவை பெரும்பாலும் இரண்டு வாசல்களுக்கு நடுவே நின்றுவிடும்.

கீழே பச்சைத் தொட்டி மக்குவதற்கும் நீலத் தொட்டி மக்காததற்கும் என வைக்கப்பட்டிருக்கும். கொள்கை இப்படி. நடைமுறையில் படிக்கட்டுக்கு அருகில் உள்ள தொட்டி எந்த நிறமோ, அதற்குள்தான் எல்லாம் விழும்; நான்கு தப்படி தள்ளியிருப்பது பாதி காலியாகவே நிற்கும். உண்மையான பிரிப்பு வேலையைச் செய்பவர் தூய்மைப் பணியாளர். அவர் கைவிட்டுக் கலைத்துத்தான் சாம்பார்க் கவரையும் உடைந்த டம்ளரையும் வேறாக்குகிறார். நாப்கினையும் டயப்பரையும் பத்திரமாகச் சுற்றித் தர வேண்டும் என்பது விதி. அவை சுற்றித்தான் தரப்படுகின்றன; ஆனால் செய்தித்தாள் பொட்டலத்தில் இருப்பது வெங்காயத்தோலா வேறு ஏதாவதா என்பது பிரித்த பிறகுதான் அவருக்குத் தெரியும். பொட்டலத்தின்மேல் பேனாவால் ஒரு சிவப்புக் குறி போட்டால் போதும். அடுக்ககங்களில் பேனாக்களுக்குப் பஞ்சமில்லை. எழுதாத பேனாக்கள் நான்காம் வகையில் நிறையவே கிடைக்கும்.

விலைபோகும் குப்பை தொட்டிப் பக்கம் வருவதே இல்லை. அது பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. அங்கே ஆங்கில நாளிதழுக்கு ஒரு விலை, தமிழ் நாளிதழுக்கு அதைவிடச் சற்றுக் குறைந்த விலை. காரணம் தாளின் தரமே அன்றி மொழிக்கொள்கை அன்று. பால் கவரை அலசி, சமையலறை டைல்ஸில் ஒட்டிக் காயவைத்து, எடைக்குப் போடும் வீடுகள் இன்னும் உள்ளன. அக்கவரின் மூலையில் வெட்டிய சின்ன முக்கோணம் மட்டும் எடைக்கு வராமல் சிங்க்கின் வழியே தப்பிவிடுகிறது. முழுதாக வெட்டாமல் கவரோடு ஒட்டியபடி விட்டால் அதுவும் எடையில் சேரும்.

5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் இயன்றவரை மக்கும் குப்பையை வளாகத்துக்குள்ளேயே பதப்படுத்த வேண்டும் என்றும் 2016 விதிகள் கூறின. உரத்தொட்டி தேவை என்பதில் பொதுக்குழு ஒருமனதாக நிற்கும். எவர் பால்கனிக்குக் கீழே என்பதில் பிரியும். உரமாக்கலின் அறிவியல் எளிது. ஈரக் குப்பையோடு காய்ந்த இலைச்சருகைப் போதிய அளவு கலந்து, காற்றுப் புகும்படி கிளறிவிட்டால், நுண்ணுயிர்கள் குவியலின் வெப்பத்தை 55 டிகிரிக்கு மேல் கொண்டுபோய் இரண்டு மாத அளவில் உரமாக்கிவிடும். சருகு குறைந்தால் நாற்றமும் புழுவும் வரும். அதே வளாகத்தில் விழும் வேப்பம் சருகையும் பாதாம் மரத்து இலையையும் தினமும் கூட்டி மூட்டை கட்டி வெளியே அனுப்பிவிட்டு, உரத்தொட்டி நாறுகிறது என்று தீர்மானம் போடும் வளாகங்களே அதிகம். தப்பித்தவறி உரம் விளைந்துவிட்டால், அதைப் போட மண் எங்கே என்ற கேள்வி எழுகிறது. தொட்டிச்செடி வைத்திருப்பவர் ஆளுக்கொரு பிடி எடுத்துக்கொண்டபின், மீதி மூட்டை ஜெனரேட்டர் அறையில் எதுக்காவது ஆகும் என்று வைக்கப்படுகிறது.

வளாகத்தை விட்டு வெளியேறும் குப்பையின் இறுதி இடங்கள் நெடுங்காலமாக வடக்கே கொடுங்கையூரும் தெற்கே பெருங்குடியும். பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின்மேல் வளர்ந்தது. அந்தச் சதுப்பு நிலமே 2022இல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே தேங்கிய பழங்குப்பை இப்போது தோண்டப்பட்டுச் சல்லடை இயந்திரங்களில் சலிக்கப்படுகிறது. மண் ஒருபுறம், கல் ஒருபுறம், எரியக்கூடிய பிளாஸ்டிக் ஒருபுறம் என்று, படிக்கட்டருகே நிகழாமல் போன பிரிப்பு பல ஆண்டுகள் கழித்து அங்கே நடந்தேறுகிறது. எரியக்கூடிய பகுதி சிமென்ட் ஆலைகளின் சூளைக்கு எரிபொருளாகப் போகிறது. அந்தச் சிமென்டில் எழும் புதிய அடுக்ககங்கள் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.